மாவு பொங்குது, ஆனா இட்லி தட்டையா வருது. எங்க தப்பு?

மஞ்சக்குப்பம்:
4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உடைச்ச உளுத்தம்பருப்பு, 1 ஸ்பூன் வெந்தயம். எல்லாத்தையும் 5 மணி நேரம் ஊறவெச்சு, கிரைண்டர்ல உளுந்தை 15 நிமிஷம், அரிசியை 35 நிமிஷம் ஆட்டறேன். காலையில மாவு விளிம்பு வரைக்கும் ஏறியிருக்கு. கலக்கி ஊத்தினா பரவிப் போகுது, வெந்தப்புறம் நடுவுல பிசுபிசுப்பு, துணியில வேற ஒட்டுது. கடலூர்ல இப்ப ஐப்பசி மழை, அதனாலயா? சோடா உப்பு போடச் சொல்லாதீங்க, ப்ளீஸ்.

குழவிக்கல்:
மழை மேல பழி போடாதீங்க. ஆட்டற நேரத்தைத் தலைகீழா வெச்சிருக்கீங்க. உளுந்துக்குத்தான் 30 நிமிஷம், அரிசிக்கு 15 முதல் 20 போதும். பொங்கற காத்தைப் பிடிச்சு வெச்சுக்கறது உளுந்தோட கொழகொழப்பு. அது 15 நிமிஷத்துல வராது. அரிசி மையா அரைபட்டா கூழாகி, வெந்ததும் பிசுபிசுக்கும்.

முதல்ல பருப்பை மாத்துங்க. தோல் நீக்கின முழு உளுந்துதான் காணும், அதாவது பொங்கி நிறைய மாவு வரும்; உடைச்சது அந்த அளவுக்குக் காணாது. பழசானா அதுவும் மட்டுதான். சிதம்பரம், சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் அறுத்த வயல்ல போடற உளுந்து பங்குனி, சித்திரையில வரும். புது உளுந்து கிடைச்சா 1 டம்ளருக்குப் பதில் முக்கால் டம்ளரே போதும்.

உளுந்து ஊற ஒண்ணரை மணி நேரம் போதும். ஊறின தண்ணியை ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஆட்டும்போது அதையே கொஞ்சம் கொஞ்சமா தெளிங்க. மொத்தமா ஊத்தினா உளுந்து கல்லுக்கடியில சிக்காம நழுவிச் சுத்தும். 1 டம்ளர் உளுந்துக்கு ரெண்டு டம்ளர் தண்ணி வரைக்கும் இழுக்கும். கல் சூடானா மாவு இறுகும், ஜில்லுத் தண்ணி அதுக்குத்தான். ஒரு சொட்டை கிண்ணத் தண்ணியில போட்டா மிதக்கணும். அடியில போனா இன்னும் அஞ்சு நிமிஷம் ஆட்டுங்க.

அரிசியை விரல் நடுவுல தேய்ச்சா பொடி ரவை தட்டுப்படற பதத்துல நிறுத்திடுங்க.

முத்தியால்பேட்டை:
மேல சொன்னது சரி. ஆனா தட்டையா வர்றதுக்கு இன்னொரு காரணமும் அவங்களே எழுதியிருக்காங்க: "கலக்கி ஊத்தினா". ராத்திரி முழுக்கச் சேர்ந்த காத்தை காலையில கரண்டியால வெளியேத்திட்டா எப்படி உப்பும்? உப்பு போட்டுக் கையால கலக்கறது ராத்திரியே முடிஞ்சிடணும். காலையில கரண்டியை ஓரமா விட்டு, அடியிலிருந்து மெதுவா அள்ளி, கலக்காம ஊத்துங்க. மாவு கரண்டியிலிருந்து ஒழுகக் கூடாது, தொப்புனு விழணும்.

புளிக்க, மழைக்காலத்துல 12 முதல் 14 மணி நேரம். அக்னி நட்சத்திரத்துல 6 மணி நேரத்துலயே ஏறிடும், அப்புறம் புளிச்ச வாடைதான். பாத்திரத்துல பாதிக்கு மேல நிரப்பாதீங்க.

குண்டான்ல தண்ணி தளதளன்னு கொதிச்சப்புறம்தான் தட்டை இறக்கணும். தண்ணிக்கும் தட்டுக்கும் ரெண்டு விரல் இடைவெளி. முழுத் தீயில 10 முதல் 12 நிமிஷம். அதுக்கு மேல போனா வறண்டு ரப்பராகும். மூடி தட்டையா இருந்தா ஆவி நீர் நேரா இட்லி மேல சொட்டி குழி விழும், குவிஞ்ச மூடியா இருந்தா ஓரமா வழிஞ்சிடும். துணியை நனைச்சுப் பிழிஞ்சு விரிக்கணும். இறக்கி 2 நிமிஷம் விட்டு, தட்டைக் கவுத்து, துணி முதுகுல தண்ணி தெளிச்சு உரிச்சா ஒட்டாது.

மஞ்சக்குப்பம்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. மிருதுவா வர ஜவ்வரிசி சேர்க்கலாமா? அப்புறம் எங்க போர் தண்ணி கொஞ்சம் உப்பு.

குழவிக்கல்:
உங்களுக்கு ஏற்கெனவே பிசுபிசுப்பு, ஜவ்வரிசி அதைக் கூட்டும். வேணும்னா அரை டம்ளர் கெட்டி அவலை 15 நிமிஷம் ஊறவெச்சு அரிசியோட ஆட்டுங்க. அதுவும் உளுந்து சரியா வந்தப்புறம். ஆட்டறதுக்கு குடிக்கற தண்ணியே நல்லது. கல்லுப்பு இந்த அளவு மாவுக்கு ஒண்ணரை மேசைக்கரண்டி சரியா இருக்கும். இந்த அளவு மாவுக்கு ஒண்ணரை மேசைக்கரண்டி சரியா இருக்கும்.

முத்தியால்பேட்டை:
இன்னொண்ணு. கிரைண்டர் கல் பழசா? தடவினா வழவழன்னு இருந்தா கொத்தணும். மழுங்கின கல்லுல ஒரு மணி நேரம் ஓட்டினாலும் உளுந்து சூடாகுமே தவிர காணாது. இப்ப கைவசம் இருக்கற மாவை இட்லிக்குப் போராடாதீங்க, வெங்காயம் தூவி ஊத்தப்பமா ஊத்திடுங்க.