கைதியை வண்டியில் ஏற்றிய பிறகு நடந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

ஆயுதப்படை (ஓய்வு)

ஓசூர்ப் பக்கம் பிடிபட்ட வழிப்பறி ஆசாமி. வழக்கு சேலத்தில். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பொலிரோவின் பின் இருக்கையில் நடுவில் அவன், இருபுறமும் நாங்கள். சோதனை போட்டாயிற்று, அரைஞாண் கயிறு முதற்கொண்டு கழற்றியாயிற்று.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது தூறல். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். கொப்பளிப்பதுபோல் கன்னத்தை உப்பினான். அடுத்த நொடி விரலிடுக்கில் பாதி பிளேடு. வாய்க்குள் அடக்கிவைத்துக்கொண்டு தர்மபுரி வரை எங்களோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறான்!

எங்கள் மேல் பாயவில்லை. தன் முன்னங்கையைக் கிழித்துக்கொண்டான். நான் அலறிய அலறலில் வண்டி ஓட்டிய ஏட்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். முன்னால் சிமெண்ட் லாரி ஒன்று பிரேக் விளக்கு எரிய ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த இறக்கத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு நொடி என்பது எவ்வளவு தூரம் என்று. "ரோட்டைப் பாருங்கள் ஏட்டையா!" என்றேன். வண்டி நின்றபோது லாரிக்கும் எங்களுக்கும் ஒரு சாண்தான் இருந்தது. இன்றும் தூக்கத்தில் எனக்கு வருவது அந்தச் சிவப்பு விளக்குதான், ரத்தம்கூட இல்லை.

காயம் பட்டால் மருத்துவமனை, மருத்துவமனை என்றால் கழிவறை ஜன்னல். அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மகளிர் காவலர், தென் மாவட்டம்

எல்லோரும் தப்பிப்பவர்களைப் பற்றியே எழுதுவீர்கள். நான் அழைத்துச் சென்றவள் தப்பிக்க நினைக்கவே இல்லை.

கணவனைக் கொன்ற வழக்கு. காலையிலிருந்து அழவில்லை, சாப்பிடவில்லை, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். ஜீப்பின் பின்பக்கம் நானும் அவளும். ஊரைத் தாண்டியதும், "ஆற்றுப்பாலம் வந்துவிட்டதா அக்கா?" என்றாள். கேட்ட தொனியில் ஒன்றுமே இல்லை, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி கேட்பதுபோல. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவளுடைய முந்தானையை எடுத்து என் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.

பாலத்தின் நடுவில் எழுந்து பாய்ந்தாள். சேலை இறுகி என் கை தோளோடு போய்விட்டது என்றே நினைத்தேன். கைப்பிடியில் காலை முட்டுக்கொடுத்து உள்ளே இழுத்தேன். நானும் சேர்ந்து விழுந்திருப்பேன்.

அவள் செத்திருந்தால் காவல் மரணம், மாஜிஸ்திரேட் விசாரணை. நாங்களே தள்ளிவிட்டோம் என்றுதான் ஊர் பேசியிருக்கும். தள்ளிவிட்ட கதைகளும் நம் துறையில் உண்டு என்பதால், பேசுகிறவர்களைக் குறை சொல்லவும் வாய் வராது.

எஸ்.ஐ., சட்டம் ஒழுங்கு

என் அனுபவம் சின்னது. ஓடும் வண்டியில் ஒருவன் கதவை உதைத்தான், பூட்டு தாங்கியது, முடிந்தது. அதனால் இளையவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எழுதிய ஐயா தண்ணீர் பாட்டிலை அவன் கையில் கொடுத்ததை நான் ஏற்க மாட்டேன். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். தலைமுடி, செருப்பின் அடிப்பாகம், சட்டைக் காலரின் மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். வேறு குழு சோதனை போட்டுவிட்டது என்று சொன்னாலும் நீங்கள் மறுபடி போடுங்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பேனாவைக்கூட அவனுக்கு எட்டாத பக்கம் மாற்றுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் அவனை ஒட்டி உட்காரவே கூடாது. ஒரே ஒரு கைதி என்றால் ஓட்டுநருக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். இடப்புறம் வையுங்கள், சீட் பெல்ட்டை நீங்களே மாட்டுங்கள், கதவின் குழந்தைப் பூட்டைக் கிளம்பும் முன் சரிபாருங்கள். எந்த வழி போகிறோம், எங்கே டீ குடிக்கப் போகிறோம் என்பதை அவன் காதுபடப் பேசாதீர்கள். கழிவறைக்கு விட்டால் தாழ்ப்பாள் போட விடாதீர்கள். ராத்திரி முழுவதும் கண் விழித்த ஓட்டுநரை விடியற்காலையில் ஸ்டியரிங்கில் உட்கார வைக்காதீர்கள். கைதியைவிட அந்தக் கண்ணயர்வுக்குத்தான் நான் பயப்படுவேன்.

எல்லாவற்றுக்கும் மேல், கைவிலங்கு. அது மட்டும் இருந்திருந்தால் மேலே உள்ள இரண்டு கதைகளும் இல்லை.

ஆயுதப்படை (ஓய்வு)

தம்பி, நீங்கள் எப்போது பணியில் சேர்ந்தீர்கள்? எங்கள் காலத்தில் விலங்கு மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதியது நினைவிருக்கிறதா? வழக்கமாக விலங்கிடக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 1995இல் வந்த தீர்ப்பு இன்னும் இறுக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆவது பிரிவுதான் கொலை, போதைப்பொருள், தொடர் குற்றவாளிகள் என்று சில வகையினருக்கு விலங்கிட வாய்ப்பைத் திறந்திருக்கிறது. கைதி ஓடிவிட்டால் மட்டும் அன்றும் இன்றும் சஸ்பென்ஷன் எங்களுக்கு.

இன்னொன்று. முன்பக்கம் விலங்கு போட்டால் அந்தச் சங்கிலியே ஆயுதம். ஓட்டுநரின் கழுத்துக்கு அது எட்டும்.

டிராவல்ஸ் ஓட்டுநர்

ஐயா சொல்லும் கழுத்து என்னுடையது என்பதால் எழுதுகிறேன். நான் போலீஸ் இல்லை. ஸ்டேஷன் ஜீப் பழுது என்று என் காரை வாடகைக்கு எடுத்தார்கள். வெளிமாநிலத்தில் ஒருவனைப் பிடித்து இரவோடு இரவாகத் திரும்பும் பயணம். எஸ்.ஐ. சார் வேண்டாம் என்கிற அதே இடத்தில், எனக்கு நேர் பின்னால் அவனை உட்கார வைத்தார்கள். முன்பக்கம் விலங்கு.

மற்றவர்கள் உறங்கத் தொடங்கியதும் என் இருக்கையின் முதுகில் அவன் முழங்கால் பட்டது. தற்செயல் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, மெதுவாக ஓர் அழுத்து. பிறகு இன்னும் சற்று மேலே. இருக்கை எவ்வளவு இளகுகிறது என்று அளந்துகொண்டிருந்தான். கத்தினால் அந்த நொடியே செய்துவிடுவானோ என்று பயம். பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். முன் இருக்கைத் தலைமைக் காவலர் எரிச்சலோடு விழித்து, "எதற்கு இவ்வளவு சத்தம்?" என்றார். "தூக்கம் வருகிறது சார், டீ குடிக்க வேண்டும்" என்றேன்.

இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். இடம் மாற்றினார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வாடகைப் பாக்கி இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

மகளிர் காவலர், தென் மாவட்டம்

எஸ்.ஐ. சார், விலங்கு இருந்தால் கதையே இல்லை என்கிறீர்கள். 2023 ஏப்ரல் 15 அன்று உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜில், கைதிகளாக இருந்த முன்னாள் எம்.பி. அதீக் அகமதுவும் அவர் தம்பியும் ஒரே விலங்கில் பிணைக்கப்பட்டுத்தான் இருந்தார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு வண்டியிலிருந்து இறக்கி நடத்திச் சென்றபோது, நிருபர்கள் வேடத்தில் வந்தவர்கள் கேமராக்களுக்கு முன்னாலேயே சுட்டார்கள். காவலர் ஒருவருக்கும் காயம். கைதியிடமிருந்து நம்மைக் காத்தால் மட்டும் போதாது; கைதியைக் கொல்ல வருகிறவனுக்கும் நமக்கும் நடுவில் நாம்தான் நிற்கிறோம்.

எஸ்.ஐ., சட்டம் ஒழுங்கு

சகோதரி, அது வண்டிக்கு வெளியே நடந்தது. இங்கே தலைப்பு வண்டிப் பயணம்.

செவிலியர், அரசு மருத்துவமனை

வெளியே நடந்ததைப் பேசக் கூடாதா சார்? உங்கள் பயணம் எங்கள் வாசலில்தான் முடிகிறது. கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் 2023 மே 10 அன்று வந்தனா தாஸ் என்ற இளம் மருத்துவரைக் குத்திக் கொன்றவன், காவலர்கள் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஆள். அவன் கைது செய்யப்பட்டவன்கூட இல்லை, அதனால் கட்டும் இல்லை, விலங்கும் இல்லை. காயத்துக்கு மருந்து வைக்கும் அறையிலிருந்த கத்தரிக்கோலே ஆயுதமாயிற்று. காவலர்களையும் குத்தினான்.

எங்களிடம் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டியில் வரும்போது அவன் ஒரு காவலரைக் கடித்திருக்கிறான். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஊசி போடக் கையைப் பிடித்தபோது அவன் பற்கள் என் கையுறையில் பதிந்தன. கையுறை கிழியவில்லை, அது என் நல்ல நேரம். கடிபட்ட காவலர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அவருக்கும் ரத்தப் பரிசோதனை தேவை என்று நாங்கள்தான் பிடித்து உட்கார வைத்தோம்.

குற்றப்பிரிவுத் தலைமைக் காவலர்

என் விஷயத்தை யாரும் நம்புவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். திருட்டு நகையைக் காட்டுகிறேன் என்று சொன்னவனை அழைத்துப் போனோம். திரும்பும் வழியில், பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது, அவன் கை இன்ஸ்பெக்டரின் இடுப்புத் துப்பாக்கியில். உறையின் பொத்தான் 'டக்' என்று திறந்த சத்தத்தை நான் கேட்டேன். அவன் விரல்களின் மேல் என் முழு எடையையும் போட்டு அமுக்கினேன். யாரும் சுடவில்லை, யாரும் சாகவில்லை, அவனுக்கு ஒரு விரல் முறிந்தது.

வீட்டில் சொன்னபோது என் மைத்துனரே சிரித்தார். "துப்பாக்கியைப் பறித்தானா? நாங்களும் செய்தித்தாள் படிக்கிறோம் மச்சான்" என்றார். அவரை என்ன சொல்வது? 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற விஷயத்தில், ஆயுதத்தைப் பறித்தார்கள் என்ற கதையை உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் ஏற்கவில்லை. 2020 ஜூலையில் கான்பூர் அருகே ரவுடி விகாஸ் துபேயைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டு, அவனை ஏற்றிவந்த வண்டி கவிழ்ந்தது, துப்பாக்கியைப் பறித்தான் என்று சொன்னபோதும் நாட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில், விரலை முறித்ததற்கு ஜோடித்த கதை இது என்றே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட்டார்.

எஸ்.ஐ., சட்டம் ஒழுங்கு

அதனால்தான் சொன்னேன், துப்பாக்கி வைத்திருப்பவர் ஒட்டி உட்காரக் கூடாது என்று.

குற்றப்பிரிவுத் தலைமைக் காவலர்

இன்ஸ்பெக்டர் எங்கே உட்கார வேண்டும் என்று தலைமைக் காவலர் சொல்லும் ஸ்டேஷன் எது என்று சொல்லுங்கள் சார், மாறுதல் கேட்டு விண்ணப்பிக்கிறேன்.