மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்பிரே: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். பனிமூட்டம் இறங்கினாலே அம்மாவுக்கு மூக்கு அடைத்துவிடும். கன்னத்தில் வலி, ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு. மருந்துக்கடையில் ஆக்ஸிமெட்டாசோலின் என்ற மூக்கடைப்பு மருந்து ஸ்பிரே வாங்கி இரண்டு வாரம் விடாமல் அடித்தோம். அடைப்பு முன்னைவிட மோசம். 3 நாளுக்கு மேல் அதைத் தொடரக் கூடாதாம். முதலிலேயே டாக்டரைக் கேட்காமல் விட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இப்போது 0.9 சதவீத உப்புநீர் ஸ்பிரேதான். சளியை இளக்கும், பழக்கமாகாது என்றார் டாக்டர். ஆனால் இந்தக் குளிரில் பாட்டில் ஜில்லென்று ஆகிவிடுகிறது. அடித்ததும் அம்மா கண்கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உள்ளங்கையில் பொத்திவைத்து, சில்லிப்பு போனபிறகு கொடுக்கிறேன்.

ஊட்டி, கோத்தகிரியில் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கிறீர்கள்? பழைய ஸ்பிரேயை விட்டபிறகு அடைப்பு அடங்க எத்தனை நாள் ஆனது?