ஊருக்குத் திரும்பலாம்னு வேலை தேடிப் பார்த்தவங்க, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

சில்லர்காரன், ஷார்ஜா
போன மாசம் லீவுல வந்தப்ப ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். யூட்டிலிட்டி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலை, சில்லர்னு சொல்ற பெரிய ஏ.சி. மெஷின்களைப் பார்த்துக்கறது. டெக்னிக்கல் ரவுண்டு நல்லாவே போச்சு. கண்டன்சர் டியூப்ல உப்பு படியறதைப் பத்திக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவரே நோட்டுல எழுதிக்கிட்டார்.

அப்புறம் ஹெச்.ஆர். ரூம். அந்தத் தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். "யூ.ஏ.என். நம்பர் சொல்லுங்க சார்"னார், பி.எஃப்.க்கு (வருங்கால வைப்பு நிதி) ஆளுக்கு ஒண்ணு தர்ற நம்பர். இல்லைன்னேன். நான் 2009ல கிளம்பினவன், அந்த நம்பரே 2014லதான் வந்துச்சு. அவர் ஃபார்ம்ல மொத்த அனுபவம்ங்கற இடத்துல 19னு எழுதினார். பக்கத்துல 'சரிபார்க்கக்கூடியது'ன்னு ஒரு கட்டம். அதுல 3 போட்டார். அம்பத்தூர் எஸ்டேட்ல நான் பார்த்த மூணு வருஷம், ரிலீவிங் லெட்டர் கையில இருந்ததால அது மட்டும் தப்பிச்சுது. ஆகஸ்ட் வெயில்ல மொட்டை மாடியில கூலிங் டவர் பக்கத்துல நின்ன பதினாறு வருஷம் அந்தக் கட்டத்துக்குள்ள வரலை.

தம்பி மரியாதையாதான் பேசினார். ஆனா அந்த 3 கண்ணுக்குள்ளயே நிக்குது. வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

தம்மாம் டீச்சர், பாளையங்கோட்டை
2017 ஜூலையில சவுதியில கூட இருக்கற குடும்பத்துக்கு லெவின்னு ஒரு கட்டணம் வந்தது எல்லாருக்கும் தெரியும். தலைக்கு மாசம் 100 ரியால், அடுத்த வருஷம் 200, அப்புறம் 300. இக்காமா, அதான் அங்க தங்கற அனுமதி, புதுப்பிக்கும்போது வருஷத்துக்கும் சேர்த்து முன்னாடியே கட்டணும். நானும் ரெண்டு பிள்ளைகளும்னா 2018ல 7,200 ரியால். அவர் மட்டும் அங்க இருந்தார், நாங்க ஃபைனல் எக்ஸிட்ல, விசாவை முடிச்சுக்கிட்டு ஒரேயடியா வந்துட்டோம்.

எட்டு வருஷம் பிளஸ் டூ வரைக்கும் கணக்கு எடுத்தவ நான். இங்க ஒரு தனியார் பள்ளியில 9,000 தர்றேன்னாங்க. குறைவா இருக்கேன்னு சொன்னதுக்கு தாளாளர் சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் சவுதியிலதானே இருக்கார், உங்களுக்கு இது போதாதா மேடம்?"

அன்னைக்கு வாய் எழும்பலை. வேலைக்கும் சேர்ந்துட்டேன். இன்னமும் பாத்திரம் கழுவும்போது அவருக்குப் பதில் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

மன்னார்குடி74
சில்லர்காரன் தம்பி, அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் வரலை. காசு கொடுத்து எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கிட்டு வர்றவன் எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். அவன் எதை நம்பி எழுதுவான்? சம்பளம் எவ்வளவு கேட்டீங்கன்னும் நீங்க சொல்லலையே. அங்க வாங்கினதை ரூபாயில பெருக்கிச் சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும்.

நான் சிங்கப்பூர்ல 22 வருஷம், கப்பல் பட்டறை. ஒர்க் பெர்மிட்காரனுக்கு சி.பி.எஃப்., அதான் அந்த ஊர் பி.எஃப்., கிடையாது. 2020ல டார்மிட்டரியை அடைச்சுப் போட்டப்ப ஒரு ரூமுக்கு பன்னிரண்டு பேர். கீழ்க்கட்டில்ல படுத்துக்கிட்டு மேல பலகையைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். தங்கச்சிங்க கல்யாணம், வீடு, ரெண்டு மா நிலம். என் பேர்ல எந்த நாட்டுலயும் ஒரு பைசா பென்ஷன் இல்லை. வந்ததும் வெல்டிங் பட்டறை போட்டேன், ஓடுது. நம்மளை யாராவது எடுத்துக்கட்டும்னு போய் நிக்காதீங்க தம்பி.

தம்மாம் டீச்சர்
அண்ணாச்சி, நிலமும் கையில தொழிலும் இருந்தவங்க பட்டறை போடலாம். எல்லாருக்கும் அது அமையுமா? அவர் கேட்டது வேற.

வவுனியா
நான் 2021 கடைசியில தோகாவிலயிருந்து நிரந்தரமா வந்திட்டன். சேர்த்த காசு முழுக்க இலங்கை ரூபாயா மாத்தி, பாதியில ஓட்டோ, பாதி பாங்கில பிக்ஸ்ட் டெப்போசிட். மாத்தேக்க டொலர் 200 ரூபாய். அடுத்த ஏப்ரலில நாடு கடன் கட்டேலாதெண்டு சொல்லிப்போட்டுது, மே மாசம் டொலர் 360. வேலை போகேல்ல, களவு போகேல்ல, காசு மட்டும் கரைஞ்சு போச்சு.

பெற்றோல் வரிசையில ஓட்டோவுக்குள்ளயே ரெண்டு இரவு படுத்தனான். பின்னால நிண்ட பொடியன் விடியப்புறமா தேத்தண்ணி கொண்டுவந்து தந்திட்டுக் கேட்டான், "அண்ணை, கத்தாரிலயிருந்து ஏன் வந்தனீங்கள்?" நான் தேத்தண்ணியைக் குடிச்சனான், பதில் சொல்லேல்ல. உலகக் கிண்ணத்துக்கு ஆள் எடுக்கேக்க செப்டம்பரில திரும்பப் போயிட்டன். இப்பவும் தோகாவிலதான். மனுசி வரச்சொல்லுறா.

கணக்கர், சேலம்
குவைத்ல ஏழு வருஷம் அக்கவுண்ட்ஸ்ல இருந்தேன். என்கூட இருந்த ஒருத்தர் கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தர்ற பணத்தை, கூடுதலாக் கணக்குப் போட்டு ஊர்ல வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டார். செட்டில்மென்ட் தாளை அவர்கிட்ட நீட்டினவன் நான். அதனாலதான் கேட்காமலே சொல்றேன்.

சில்லர்காரன், உங்க ஊர்ல கிராஜுவிட்டி பேசிக்லதான், அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளத்துல. முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அப்புறம் வருஷம் 30 நாள். பதினாறு வருஷம்னா 105ம் 330ம் சேர்த்து 435 நாள். பேசிக் 4,000 திர்ஹாம்னா 58,000 வரும். கையில வாங்கறது 9,000ஆ இருந்தாலும் இந்தக் கணக்குதான். ராஜினாமா கொடுக்கறதுக்கு முன்னாடி காண்ட்ராக்ட்ல பேசிக் எவ்வளவுன்னு பாருங்க. மாசம் 5 திர்ஹாம் கட்டற வேலையிழப்புக் காப்பீட்டை நம்பாதீங்க, நீங்களா விட்டா அது கிடைக்காது.

திரும்பினதும் என்.ஆர்.இ. கணக்கு, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான ரூபாய்க் கணக்கு, அப்படியே ஓடக் கூடாது, பேங்க்ல சொல்லி மாத்தணும். டாலராவே வைக்க ஆர்.எஃப்.சி. கணக்கு இருக்கு. வெளிநாட்டுப் பணத்துலயே போட்ட எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் முதிர்வு வரை ஓடலாம். வவுனியா நண்பர் சொன்னதைப் படிச்சப்புறம் இதை இன்னும் அழுத்திச் சொல்றேன், எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. மெடிக்கல் பாலிசியை இப்பவே எடுங்க, ஏற்கெனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க.

முக்கியமானது இது. அம்பத்தூர் பி.எஃப். பணத்தை எடுத்துட்டீங்களா? 2014 செப்டம்பர் 1க்கு அப்புறம் புதுசா 15,000க்கு மேல சம்பளத்துல சேர்றவங்களை பென்ஷன் திட்டத்துல சேர்க்கறதில்லை. அதுக்கு முன்னாடியே உறுப்பினரா இருந்து, எடுக்காம விட்டிருந்தா நீங்க தொடரலாம். பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷ சர்வீஸ் கணக்குலயும் அந்த மூணு வருஷம் சேரும். பெரிய பென்ஷன் இல்லைதான். ஆனா 58 வயசுக்கு மேல மாசாமாசம் வரும்.

சில்லர்காரன், ஷார்ஜா
எடுக்கலை. எடுக்கணும்னு அப்ப தோணவே இல்லை. மன்னார்குடி அண்ணே, நான் 55,000 கேட்டேன், பெருக்கிச் சொல்லலை. நேத்து மெயில் வந்துச்சு, 38,000 தர்றாங்களாம், வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

கணக்கர் சார், நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அம்மாவுக்கு போன் பண்ணினேன். டிரங்குப் பெட்டியில கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில அம்பத்தூர் பி.எஃப். சீட்டு இருந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு போட்டோ எடுத்து அனுப்பினாங்க. மடிப்புல கிழிஞ்சிருக்கு, நம்பர் முழுசாத் தெரியுது.