மறு: யூரோமாடுலின் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'சிறுநீர்ப் பண்பேற்றி' சரிவருமா?

ஐயா, பண்பேற்றம் என்றாலே வானொலிதான் நினைவுக்கு வரும், அது போகட்டும். யூரோமாடுலின் என்பது சிறுநீரில் இருக்கும் ஒரு புரதம்; எனக்கு அந்தப் பெயரின் 'மாடுலின்' (பண்பை மாற்றுவது) பாதியே உறுத்தல். 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிறுநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது கவனித்தது, இன்ஃப்ளுயன்சா வைரஸ் சிவப்பணுக்களைத் திரளவைப்பதை இது தடுக்கிறது என்பதை. 1985இல் வேறொரு குழு கர்ப்பிணிகளின் சிறுநீரில் நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கும் புரதம் ஒன்றைக் கண்டு யூரோமாடுலின் என்று பெயர் வைத்தது. இரண்டும் ஒன்றே என்று பிறகுதான் தெரிந்தது. சோதனைக்குழாயில் கண்ட ஒரு குணத்தை வைத்து வந்த பெயரை நாம் அப்படியே சுமப்பானேன்?

> அப்போ வெறும் 'சிறுநீர்ப் புரதம்'?

அது இன்னும் வம்பு. 'சிறுநீரில் புரதம் போகுது' என்று மருத்துவர் சொன்னால் பெரும்பாலும் அது ஆல்புமின், சிறுநீரக வடிகட்டி பழுதாகி இரத்தத்திலிருந்து கசிவது. இதுவோ சிறுநீரகக் குழலின் ஒரு பகுதியான ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதிச் செல்கள் தாமே செய்து வெளியே விடுவது, நலமாக இருப்பவரின் சிறுநீரில் அதிகம் இருக்கும் புரதமே இதுதான். அது கூடினால் கவலை, இது குறைந்தால் கவலை, ஏனென்றால் நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தில் சிறுநீரை உருவாக்கும் நுண்ணலகுகள்) அழிய அழிய இதன் அளவும் இறங்கும்.

என் பரிந்துரை 'சிறுநீர் வலைப்புரதம்'. செல்லை விட்டு வந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகிவிடுகின்றன; சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்ற வேண்டிய ஈ.கோலை பாக்டீரியா இவற்றின் சர்க்கரைக் கிளைகளைப் பற்றி, சிக்கி, சிறுநீரோடு வெளியேறுகிறது. கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஒன்றுசேர்ந்து கல்லாவதற்கும் இது தடை. அதே இழைகள் சிறுநீரகக் குழலுக்குள் இறுகினால், நுண்ணோக்கியில் பார்க்கிற வார்ப்புகள், அதாவது குழலின் வடிவிலேயே உறைந்த துண்டுகள் (அந்தச் சொல்லுக்கும் ஒரு நாள் சண்டை போடலாம்). மைலோமா என்ற இரத்தப் புற்றுநோயில் எதிர்ப்பொருளின் இலகு சங்கிலிகள் (அதன் சிறிய புரதத் துண்டுகள்) இதோடு பின்னிக்கொண்டு குழலையே அடைத்துவிடும். ஆக, காப்பதும் அடைப்பதும் வலைதான்.

> மரபணுப் பிழையால் வரும் நோய்க்கு இது பொருந்துமா?

பொருந்தும். அங்கே புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. இளவயதிலேயே கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்) வரலாம், சிறுநீரகமும் மெல்ல மெல்லச் செயலிழக்கும். 'வலைப்புரதத் தேக்க நோய்' என்றால் நடப்பது என்னவென்று பெயரிலேயே தெரிகிறது.

மரபணுவின் குறியீடான யுமோட் (UMOD) மட்டும் அப்படியே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். அப்புறம், அகராதியில் ஏற்றும்போது 'டாம்–ஹார்ஸ்ஃபால் புரதம்' என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், பழைய நூல்களில் தேடுபவருக்கு அந்தப் பெயர்தான் கிடைக்கும்.