கோண்டாவில் வளவு (குடும்ப வாட்ஸ்அப் குழு)

சுகந்தி: தர்சினி, நேற்று பெரியாஸ்பத்திரியில் சின்னவனைப் பற்றி என்ன சொன்னார்கள்? அம்மா விடியவிலிருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறா.

ரமணன்: ஓட்டிசம்தான் அக்கா, மற்றவர்களோடு கதைக்கிறதும் பழகிறதும் வேறு மாதிரி வளருமாம். பேச்சுப் பயிற்சி இப்பவே தொடங்கச் சொன்னார்கள்.

சுகந்தி: சோறு தீத்தும்போது போனைக் கையில் கொடுக்காதே என்று நான் எத்தனை தரம் சொன்னேன்.

தர்சினி: மச்சாள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் அவன் இருந்தது போன் கொடுக்க முதலே. ஒரு வாய் சோறும் உள்ளே போகாமல் அழுதுகொண்டு இருந்தவனுக்குத்தான் பிறகு போன் கொடுத்தேன். எது முதல் வந்தது என்று ஒருவரும் கேட்கிறதில்லை.

அபிரா: மாமி, சித்தியை விடுங்கோ. 1950, 60களில் டொக்டர்மாரே தாய்க்குப் பாசம் இல்லாததால்தான் ஓட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள், எத்தனை தாய்மார் அதைக் கேட்டு அழுதிருப்பார்கள். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் ஒருவருக்காவது ஓட்டிசம் இருந்த 21 சோடி இரட்டையரைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடியில் 4 சோடிக்கு இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது, வேறு வேறு கருவில் வந்த 10 சோடியில் ஒன்றில்கூட இருவருக்கும் சேர்ந்து இருக்கவில்லை. எந்தச் சோடியென்றாலும் இரண்டு பிள்ளையும் ஒரே தாயிடம்தானே வளர்ந்தது?

சுகந்தி: அப்ப பரம்பரை வருத்தம் என்கிறாயா? எங்கட பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

நாதன்: ஐயாவை மறந்துவிட்டாயா சுகந்தி. கிணற்றுக் கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் எத்தனையாம் முடிச்சில் நிற்கிறது என்று சி.ஆர். கொப்பியில் எழுதினவர், காய்ச்சல் வந்தாலும் விடமாட்டார். 1995 இடப்பெயர்வில் அம்மா நகைப்பெட்டியை எடுக்க அவர் கொப்பிகளை உரப்பையில் கட்டிக்கொண்டு வந்தார், சாவகச்சேரியில் போய் இறங்கின வீட்டுக் கிணற்றையும் அடுத்த நாளே அளக்கத் தொடங்கினார், வீட்டுக்காரர் பயந்துபோனார்கள். கலியாண வீட்டில் மேளம் தொடங்கினால் படலைக்கு வெளியேதான் நிற்பார்.

ரமணன்: சின்னவனும் தவில் கேட்டால் காதைப் பொத்துகிறான். நானே சேட்டுக் கொலரில் இருக்கிற லேபிளை வெட்டாமல் இன்றுவரைக்கும் போட்டதில்லை.

தர்சினி: கத்தரிக்கோலை மேசையிலிருந்து எடுத்து வைத்தால் அதுக்கும் சண்டை 😄

சுகந்தி: ஐயா ஒழுங்கான மனுசன். அதையெல்லாம் வருத்தம் என்று சொல்லாதேங்கோ.

அபிரா: அப்பப்பாவுக்கு ஓட்டிசம் என்று நான் சொல்லவில்லை மாமி, ஆளைப் பரிசோதிக்காமல் அப்படிச் சொல்லவும் ஏலாது. ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் தகப்பனிடமும் சகோதரங்களிடமும் இந்தக் குணங்கள் இலேசாக இருக்கிறது மற்றக் குடும்பங்களை விடக் கூடவாம். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சம்பந்தப்படுது, பெரும்பாலானது ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் தன்ர பங்கைச் செய்யும். சில பிள்ளைகளில் தாய் தகப்பன் இருவரிடமும் இல்லாத புது மாற்றமும் வரும். 2019இல் டென்மார்க், சுவீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு அவுஸ்திரேலியா எல்லாம் சேர்த்து 20 இலட்சம் பிள்ளைகளுக்கு மேல் பார்த்ததில் மரபின் பங்கு 80 வீதமளவில் வந்தது.

நாதன்: அப்ப எங்கட வீட்டுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வர 80 வீதம் சாத்தியமா?

அபிரா: இல்லை அப்பா, எல்லாரும் அப்படித்தான் பிழையாக எடுக்கிறார்கள். சனங்களுக்குள் இந்த விசயத்தில் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் வருகிறது என்பதுதான் அந்த 80. தனி ஒரு பிள்ளைக்கு வருமா வராதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சுகந்தி: எல்லாம் சரி, மகளுக்குப் பேச்சுக்கால் நடக்கிற நேரம் இது. மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிய வந்தால்? எல்லாத்தையும் அழியுங்கோ.

நாதன்: அந்தப் பகுதிப் பெரியவர், நாங்கள் பேசப் போன அன்றைக்கு வந்தவர்களுடன் ஒரு வார்த்தை கதைக்காமல் ஆண்டு ஆண்டாகப் பஞ்சாங்கத்தில் அமாவாசைத் தேதிகளை மட்டும் எனக்கு ஒப்புவித்தார். அவர்கள் எங்களைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

தர்சினி: அழிக்க வேண்டாம் மச்சாள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. அபிரா, இன்னொரு பிள்ளை பெற்றால் என்ன மாதிரி? இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

அபிரா: மூத்த பிள்ளைக்கு இருந்தால் அடுத்ததுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சித்தி, 2024இல் வந்த பெரிய ஆய்வும் அதைத்தான் சொல்லுது. பெண் பிள்ளையென்றால் அதைவிடக் குறைவு, ஆண் பிள்ளையென்றால் கொஞ்சம் கூட. ஃபிரஜைல் எக்ஸ் என்று தனி மரபணுக் காரணம் ஒன்று இருக்கு, அதுக்கு இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று அடுத்த முறை கிளினிக்கில் கேளுங்கோ. பிள்ளை பிறந்தால் முதல் ஒன்றரை வருடத்தில் நன்றாகக் கவனித்துப் பார்க்கலாம்.

சுகந்தி: அடுத்த கிளினிக் எப்ப?

ரமணன்: வியாழக்கிழமை எட்டு மணிக்கு.

சுகந்தி: நானும் வாறேன், சனத்துக்குள் அவனை ஒருத்தர் வெளியே கூட்டிக்கொண்டு நிற்க வேணுமே. ஆனால் மகளின் பேச்சுக்கால் விசயத்தை இந்தக் குழுவில் ஒருவரும் எழுதக்கூடாது.

நாதன்: எழுதினது நீதான்.