‘லோடர்’ என்பதற்கு ‘ஏற்றி’ சரியா? பாணித்தாள்களைக் கட்டுக்குள் சேர்ப்பதற்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

இணையப் பக்கத்துக்கான பல நிரல் கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் கருவி வெப்பேக். அது தரும் விளைவைக் ‘கட்டு’ (பண்டில்) என்றும், இத்தகைய கருவியைக் ‘கட்டாக்கி’ (பண்ட்லர்) என்றும் இங்கே சொல்கிறேன், காரணம் பின்னால் வரும். வெப்பேக் தொடர்பான சொற்பட்டியலில் ‘லோடர்’ என்பதற்கு நேரே ‘ஏற்றி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவேற்றம், பதிவிறக்கம் எல்லாம் நன்றாக ஊன்றிவிட்ட சொற்கள்தான். ஆனால் வெப்பேக்கின் லோடர் எதையும் ஏற்றுவதில்லை. அதனால் இந்தப் பெயர், புதிதாகப் படிக்க வருபவரைத் தொடக்கத்திலேயே தவறான பக்கம் திருப்பிவிடும்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் மேல்வரியில் ஒரு சிஎஸ்எஸ் கோப்பை, அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பாணித்தாளை (ஸ்டைல்ஷீட்), இம்போர்ட் செய்கிறோம். வெப்பேக்குக்கு முன்னமைவில் புரிவது ஜாவாஸ்கிரிப்டும் ஜேசான் என்ற தரவு வடிவமும்தான். நிறமும் விளிம்பும் எழுத்துருவும் எழுதிய உரை அதன் பார்வையில் வெறும் இலக்கணப் பிழை. இங்கேதான் சிஎஸ்எஸ்-லோடர் வேலைக்கு வருகிறது. கோப்பின் உரையை வாங்கி, அதனுள் இம்போர்ட் என்றும் யூஆர்எல் என்றும் சுட்டியுள்ள பிற கோப்புகளைக் கண்டெடுத்து, அவற்றையும் சார்புகளாகச் சேர்த்து, முழுவதையும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கூறாக (மாட்யூல்) ஆக்கித் திருப்பித் தருகிறது. இவ்வளவும் நிரலர் கணினியில், கட்டு உருவாகும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. உலாவி இன்னும் படத்துக்குள்ளேயே வரவில்லை. பக்கத்தில் எதுவும் ஏறவும் இல்லை.

ஆக லோடர் என்பது உரையை வாங்கி உரையைத் தரும் ஒரு செயற்கூறு. கட்டுக்குள் போக முடியாத கோப்பை, போகும்படி இணங்கவைக்கிறது. அதனால் ‘இணக்கி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இணக்கு என்ற வினை தமிழில் இருக்கிறது, இணக்கம் என்பது எல்லோருக்கும் பழகியது, ‘இணக்கமான கோப்பு வகை’ என்று ஏற்கனவே எழுதிக்கொண்டும் இருக்கிறோம். உலாவி, செயலி, திருத்தி என்ற வரிசையிலும் பொருந்தி நிற்கிறது.

ரோலப் என்ற இன்னொரு கட்டாக்கியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதன் செருகுநிரல்களில் (பிளகின்) கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டுவருவதற்கு ‘லோட்’ என்று ஒரு கொக்கியும் (ஹுக், நம் நிரலை இடையில் மாட்டும் இடம்), வந்த உள்ளடக்கத்தை மாற்றுவதற்கு ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்று வேறொரு கொக்கியும் உண்டு. வெப்பேக்கின் சிஎஸ்எஸ்-லோடர் செய்வது இந்த இரண்டாவது வேலையை. ஆங்கிலத்தில் அமைந்துவிட்ட பெயருக்கு அந்தச் சமூகம் பழகிவிட்டது. நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

> ‘மாற்றி’ என்றே சொல்லிவிடலாமே? இன்னும் எளிதாக இருக்கும்.

எளிதுதான். ஆனால் கோப்பு வடிவ மாற்றி, எழுத்துரு மாற்றி, அலகு மாற்றி என்று அந்தச் சொல் ஏற்கனவே பல இடங்களில் உழைக்கிறது. அவையெல்லாம் ஒன்றை மாற்றி நம் கையில் தந்துவிடும். லோடரின் விளைவை யாரும் நேரே கையாளுவதில்லை, அது கட்டுக்குள் போவதற்காகவே பிறக்கிறது. எதற்காக மாற்றம் என்பதும் பெயரில் தெரிந்தால் நல்லது.

இரண்டு சொற்களையும் உரசிப் பார்க்க ஒரு பிழைச்செய்தி போதும். எந்தக் கோப்புக்கு எந்த லோடர் என்று சொல்லும் விதியை சிஎஸ்எஸ் கோப்புக்கு அமைக்காமல் வெப்பேக்கை ஓட்டினால், இந்தக் கோப்பு வகையைக் கையாளப் பொருத்தமான லோடர் தேவைப்படலாம் என்று சொல்லும். ‘பொருத்தமான ஏற்றி தேவைப்படலாம்’ என்று தமிழில் வந்தால், கோப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது, பாதை தவறோ என்று தேடத் தொடங்குவார்கள். ‘பொருத்தமான இணக்கி தேவைப்படலாம்’ என்று வந்தால், கோப்பு கிடைத்துவிட்டது, ஆனால் இன்னும் இணங்கவில்லை என்பது புரிந்துவிடும். பிழையைத் திருத்தத் தேவையான பாதித் தகவல் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

‘ஏற்றி’யை வேண்டாம் என்று தூக்கிப் போடச் சொல்லவில்லை. இயக்கமுறைமையில் நிரலை நினைவகத்துக்குள் கொண்டுபோய் வைக்கும் பகுதிக்கு அது மிகச் சரியான பெயர். உலாவி ஒரு லிங்க் குறியைக் கண்டு பாணித்தாளைத் தருவித்துக்கொள்வதும் ஏற்றல்தான். தேவைப்படும்போது மட்டும் ஒரு பகுதியை வரவழைப்பதைத் ‘தேவைக்கு ஏற்றல்’ எனலாம். உலாவியே சிஎஸ்எஸ் கோப்பை ஒரு கூறாக இம்போர்ட் செய்துகொள்ளும் வசதியும் இப்போது வந்திருக்கிறது, கட்டாக்கியின் துணை இல்லாமலே. அதுவும் உண்மையான ஏற்றல். இவற்றுக்கெல்லாம் அந்தச் சொல்லைக் காத்து வைக்க வேண்டும் என்பதால்தான் வெப்பேக்கின் லோடருக்கு அதைக் கொடுத்துவிடத் தயங்குகிறேன்.

அடுத்து ஸ்டைல்-லோடர். இதன் வேலை வேறு. இணக்கி தந்த பாணி உரையை, பக்கம் உலாவியில் ஓடும்போது ஒரு ஸ்டைல் உறுப்பாக ஆவணத்துக்குள் நுழைக்கும் நிரலை இது எழுதித் தருகிறது. ‘செருகி’ என்று ஒரு பரிந்துரை வந்தது. பிளகினுக்குச் செருகுநிரல், செருகி என்று வழங்குவதால் இங்கே மோதும். வெப்பேக்கில் இணக்கியும் செருகுநிரலும் தனித்தனி வகைகள் என்பதால் இந்த மோதல் சிறியதல்ல. ‘பாணி புகுத்தி’ என்று வைக்கலாம். வகையால் இணக்கி, தொழிலால் புகுத்தி.

இந்த இரண்டையும் விதியில் எழுதும் வரிசை பலரைத் தடுமாறச் செய்கிறது. பட்டியலில் ஸ்டைல்-லோடர் முதலில், சிஎஸ்எஸ்-லோடர் பின்னால். ஆனால் வெப்பேக் கடைசியிலிருந்து முதலுக்கு வருகிறது. சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்பட வேண்டிய சாஸ் கோப்பாக இருந்தால் சாஸ்-லோடர் பட்டியலின் கடைசியில் நிற்கும், முதலில் ஓடும். தமிழ் விளக்கத்தில் ‘இணக்கித் தொடர்’ என்று சொல்லி, அது வலமிருந்து இடமாக ஓடும் என்று ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும்.

பயனர்களிடம் போகும் வெளியீட்டில் பெரும்பாலும் புகுத்தியை விட்டுவிட்டு, மினி-சிஎஸ்எஸ்-எக்ஸ்ட்ராக்ட் செருகுநிரலுக்கு மாறிவிடுவார்கள். அது கட்டிலிருந்து பாணிகளைத் தனிக் கோப்பாக வெளியே எடுக்கிறது. ‘பாணி பிரித்தெடுப்பி’ என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் தெளிவு. ஏன் மாறுகிறார்கள் என்பதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. புகுத்தியை நம்பினால் ஜாவாஸ்கிரிப்ட் வந்து ஓடும் வரை பாணி இல்லை. பக்கத்தின் எச்டிஎம்எல் வழங்கியிலிருந்தே (சர்வர்) முழுதாக வந்திருந்தால், ஒரு கணம் ஒப்பனை எதுவும் இல்லாத பக்கம் கண்ணில் பட்டு, பிறகு சட்டென்று உருமாறும். அந்தக் கணத்தை ‘வெற்றுத்தோற்றம்’ என்று சொல்லலாமா? ஆங்கிலத்தில் அதற்கு நான்கு சொற்களைச் சேர்த்து ஒரு சுருக்கக்குறி வைத்திருக்கிறார்கள், நமக்கு ஒரே கூட்டுச்சொல் போதும்.

இப்போது பண்ட்லர். ‘தொகுப்பி’ என்று சிலர் எழுதுகிறார்கள். கம்பைலருக்கும் அதே சொல் வழங்கிவருவதால், இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? டைப்ஸ்கிரிப்ட் மொழி பற்றிய கட்டுரைகளில் இரண்டும் அடுத்தடுத்து வரக்கூடும். ‘பொதியாக்கி’ அழகாக இருக்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் கிடைக்கும் என்பிஎம்மின் பேக்கேஜ்களைப் பொதி என்கிறோம், அந்தப் பொதிகளைப் பிரித்து வேண்டியதை எடுத்து ஒன்றாக்குவதுதான் பண்ட்லரின் தொழில். பொதியைப் பிரிப்பவருக்குப் பொதியாக்கி என்று பெயர் வைத்தால் பொருந்தாது. விறகுக்கட்டு, சீட்டுக்கட்டு, காகிதக்கட்டு என்று நம் வாயில் புழங்கும் ‘கட்டு’ இருக்கிறதே, பண்டிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பண்ட்லர் கட்டாக்கி. ‘பில்டு’ என்பதைக் கட்டுமானம் என்று எழுதுவோர் மட்டும் ‘உருவாக்கம்’ பக்கம் நகர்ந்தால் நல்லது.

ஸ்டைல்ஷீட்டுக்கு நடைதாள், ஒப்பனைத்தாள், பாணித்தாள் மூன்றும் உலவுகின்றன. எழுத்துச் செயலிகளில் ‘பாணி’ ஏற்கனவே இடம்பிடித்திருப்பதால் பாணித்தாள் என்றே போகலாம். மற்ற இரண்டிலும் பிழை ஒன்றும் இல்லை.

வேண்டாத நிரலை வெட்டிவிடும் ‘ட்ரீ ஷேக்கிங்’ பாணித்தாள்களைத் தொடும் இடம் ஒன்று உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. சிஎஸ்எஸ் கோப்பை இம்போர்ட் செய்யும்போது பெரும்பாலும் அதிலிருந்து எந்தப் பெயரையும் எடுப்பதில்லை, வந்து சேர்ந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறோம். பேக்கேஜ் கோப்பில் பக்கவிளைவு எதுவும் இல்லை, அதாவது இம்போர்ட் செய்வதாலேயே தனியாக எதுவும் நடக்காது என்று அறிவித்திருந்தால், யாரும் பயன்படுத்தாத கூறு இது என்று கட்டாக்கி அதைத் தூக்கிவிடும். நிரல் எழுதிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரிந்த பக்கம் வெளியீட்டில் பாணியிழந்து நிற்கும். சிஎஸ்எஸ் கோப்புகளைப் பக்கவிளைவு உள்ளவை என்று பட்டியலில் குறித்தால் தீர்ந்தது. இந்தச் செயலுக்கு ‘உதிர்த்தல்’ போதும் என்பது என் கருத்து. மரத்தையும் உலுக்கலையும் சேர்த்துச் சுமக்கத் தேவையில்லை, எது உதிர்கிறது என்றுதான் கேட்கப்போகிறோம். ‘பக்கவிளைவு’ மருத்துவத்திலிருந்து வந்து எல்லோருக்கும் பழகிய சொல், அப்படியே இருக்கட்டும்.

‘சங்க்’ என்பதற்கு என்னிடம் இன்னும் நிறைவான சொல் இல்லை. ‘துண்டு’ என்றால் அறுந்துபோன ஒன்றைப் போலத் தோன்றுகிறது. ஆனால் சங்க், கட்டாக்கியே திட்டமிட்டுப் பிரித்து, தேவைக்கு ஏற்றலாம் என்று வைத்திருக்கும் பகுதி. ‘கட்டுப்பிரிவு’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது. இதைவிடக் குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். இணக்கி வேண்டாம் என்போரும், அந்தப் பிழைச்செய்தியில் தங்கள் சொல்லைப் பொருத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்.