பெரிய களவாவில் சினை இல்லையே?

திருவாரூர்க்காரன்:
நாகப்பட்டினத்தில் 7 கிலோ களவா மீன் ஒன்றை நான்கு வீட்டார் பங்கு போட்டு வாங்கினோம். உடம்பெல்லாம் செம்மஞ்சள் புள்ளி; வாய்க்குள் என் கை முழுதாகப் போகிறது. சினைக்கு ஆசைப்பட்டுத்தான் பெரியதாகப் பார்த்தேன். வயிற்றைக் கீறினால் ஒன்றுமில்லை! மீன்காரம்மா ஏமாற்றிவிட்டாரா?

கடலோரத்தான்:
அந்த அம்மாவைப் பழிக்காதீர்கள், அண்ணே. களவா முதலில் பெண்ணாக முதிர்ந்து முட்டையிடும். வளர்ந்தபின் ஆணாக மாறும். பெரியது ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சினைக்கு நடுத்தர மீனைப் பருவம் பார்த்து வாங்குங்கள்.

தரங்கம்பாடி மருமகள்:
என் மாமனார் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், தூண்டில் போடுவார். இரையைக் கவ்வியதும் களவா பாறை இடுக்குக்குள் புகுந்துகொள்ளும்; தூண்டில் நரம்பு அறுந்துவிடும். தலையை என்ன செய்தீர்கள்?

திருவாரூர்க்காரன்:
பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

தரங்கம்பாடி மருமகள்:
அடடா, அதுதான் ஏமாற்றம்!